நாலரை லிட்டர் பழைய ஆயில்

எங்க வீதியில ஒரு காரு வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்குல தரையை விட்டு எழும்பி, ஞாயித்துக்கிழமை காலையில வரைக்கும் அந்தரத்துல நின்னுச்சுங்க. கட்டிவெச்ச கயிறு நாலும் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு, நம்பாதவங்க வந்து பாத்துக்கலாம். ஏன் எழும்புச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. இருபத்தாறு வருஷத்து ஆயிலை ஒரே மூச்சுல எறக்குனா எந்த வண்டியும் எழும்பத்தான் செய்யும்னு எங்க வீதியில எல்லாரும் மொத நாளே ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு மேல யாரும் மண்டையை ஒடைச்சுக்கலை. அதை மறுபடி தரைக்குக் கொண்டுவர்றதுக்குள்ள நாங்க மூணு பேரு பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன்.

மூணு பேருன்னா, நான் சுலோச்சனா, எங்க வீட்டுக்காரரு நாச்சிமுத்து, அப்புறம் வீதிக் கோடியில வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருந்த ராக்கியண்ணன். கோயமுத்தூரு ஆவாரம்பாளையத்துல, நாலு வீட்டுக்கு ஒரு லேத்துப் பட்டறை இருக்கற வீதி எங்களுது. எங்க வீட்டுக்காரரு ஐடிஐயில மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ரிட்டயரானவரு. "பழைய ஆயிலை முழுசா எறக்காம புது ஆயிலை ஊத்தறது, குளிக்காம புதுச் சட்டை போடற மாதிரிடா"ன்னு வருஷா வருஷம் பசங்களுக்குத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துன மனுசன், சொந்தக் காருக்கு இருபத்தாறு வருஷமா கொறைஞ்சதுக்கு மேல ஊத்தியே ஓட்டுனாரு. ஓட்டுனாருன்னா எங்கீங்க ஓட்டுனாரு? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஷெட்டைத் தொறந்து, பத்து நிமிஷம் இஞ்சினை உறும விட்டு, அணைச்சு, போர்வையைப் போத்தி, பூட்டிட்டு வந்துருவாரு. வந்து காப்பி குடிப்பாரு. கேட்டா, இன்னொரு டம்ளர் கேப்பாரு.

அந்தக் காரு எனக்கு மூத்த சக்களத்தி. செவப்புக் கலரு, நீள மூக்கு, ரெண்டே ரெண்டு சீட்டு, மேல துணிக் கூரை. யாரோ மில் முதலாளி சீமையில இருந்து கப்பல்ல எறக்கி, கைமாறிக் கைமாறி, நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இவருகிட்ட வந்து சேந்துருச்சு. அந்தக் காலத்துல அதுல இவரும் ராக்கியண்ணனும் ரேஸுக்குப் போவாங்க. இவரு ஓட்ட, ராக்கியண்ணன் பக்கத்துல மேப்பும் வாட்சும் வெச்சுட்டு, "அடுத்தது ரைட்டு, கொறை, இன்னும் கொறை, இப்ப விடு"ன்னு வழி சொல்ல, ரெண்டு பேரும் ஒரே மண்டையில நெனைக்கற மாதிரி போவாங்கன்னு பாத்தவங்க சொல்வாங்க. எனக்கு ஒம்பது மாசம் நடந்துட்டு இருந்தப்ப ஒரு நாள் ஆனைகட்டி ரோட்டுல, அண்ணன் "கொறை"ன்னு சொல்லியும் இவரு கொறைக்காம, வண்டி புளிய மரத்துல போய் மோதுச்சு. இவருக்கு மண்டையில ஏழு தையல். ராக்கியண்ணனுக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழ போச்சு.

ஓட்டுனது ராக்கியண்ணன்னு ஊருக்குச் சொன்னோம். போலீசுக்கும் அவரே அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. தானே ஓட்டித் தானே விழுந்தவன் மேல யாரு கேசு போடுவா? இவருக்கு அந்த மாசந்தான் ஐடிஐ வேலைக்கு ஆர்டர் வர இருந்துச்சு, கேசுன்னு ஒண்ணு இருந்தா ஆர்டரு போயிரும். அந்தப் பொய்யை மொதல்ல நெனச்சது யாருங்கறதுக்கு அப்புறம் வர்றேன். ஆனா அந்தப் பொய்யால என்ன போச்சுங்கறதை இப்பவே சொல்லிடறேன். ராக்கியண்ணனுக்குத் தாராபுரத்துல நிச்சயம் ஆயிருந்துச்சு. பொண்ணு பேரு வசந்தாமணி. பொண்ணோட அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து, "கால் போனது விதிங்க, அதுக்காக நான் சொன்ன சொல்லை மாத்த மாட்டேன். ஆனா வளைவுல கொறைக்கத் தெரியாத புத்திக்கு எம் பொண்ணைத் தர மாட்டேன்"னு சொல்லி, தட்டு மாத்துன வெத்தலைபாக்கைத் திருப்பி வெச்சுட்டுப் போயிட்டாரு. ராக்கியண்ணன் அதுக்கப்புறம் கல்யாணமே பண்ணிக்கலை. மரக்காலை மாட்டிக்கிட்டு, கண்ணுல பூதக் கண்ணாடியை வெச்சுக்கிட்டு, இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க கடிகாரத்தை ஓட வெச்சாரு.

போன ஐப்பசியில கடையை மூடிட்டாரு. ஓசூர்ல இருக்கற அக்கா மகன் வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு, திங்கக்கிழமை பயணம். செவ்வாக்கிழமையே எங்க வீட்டுக்கு வந்து, சாப்ட்டு, கை கழுவிட்டு, "மாப்ளே, போறதுக்கு முன்னாடி அந்த வண்டியில ஒரு தடவை என்னை உக்கார வெச்சு மருதமலை அடிவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போ"ன்னாரு. அவரு எதையுமே கேட்டதில்லைங்க. ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாக்கூட அவரே எந்திரிச்சுப் போய் மொண்டு குடிப்பாரு. எங்க வீட்டுக்காரரு கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாரு. "சரி ராக்கி"ன்னாரு. அன்னிக்கு அவரு தூங்கலை, நானும் தூங்கலை. ரெண்டு பேருக்கும் ஒரே வெசனம். அந்த மனுசன் ஓசூருக்குப் போயிட்டா இந்தப் பொய் இப்படியே கெடந்து, ஒரு நாள் அவரோட சேந்து எரிஞ்சு போயிரும். நாங்க நல்லவங்களாவே செத்துப் போயிருவோம்.

ரோட்டுல எறக்கணும்னா ஆயில் மாத்தியே ஆகணும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னேன். "ஐடிஐ வாத்தியாரு வண்டியில இருபத்தாறு வருஷத்து ஆயிலான்னு கேப்பான்டி"ன்னு தானே செய்யறதா எறங்கிட்டாரு. கேலண்டரைப் பாத்து வெள்ளிக்கிழமை காலையில ஒம்பதே காலுக்கு நல்ல நேரம்னு குறிச்சாரு. பட்டறை ஆளுங்க நாலு பேரு வண்டியைத் தள்ளி வீதிக்குக் கொண்டுவந்தாங்க. அந்த வண்டி தரையோட தரையா படுத்துக் கெடக்கும், அடியில ஜாக்கி போகாது. அதனால ரெண்டு பலகையைச் சாய்ச்சு வெச்சு முன் சக்கரத்தை ஏத்தி, பின் சக்கரத்துக்குக் கல்லு குடுத்தாரு. பத்து நிமிஷம் இஞ்சினைச் சூடாக்குனாரு, சூடானாத்தான் ஆயில் எளகி அடி மண்டியோட வருமாம். கோணிச்சாக்கை விரிச்சு, அறுபத்தி ரெண்டு வயசுல மல்லாக்கப் படுத்து, உள்ள நுழைஞ்சு, ஸ்பேனரைப் போட்டு நட்டைக் கழட்டுனாரு. ஆயில் புடிக்கறதுக்கு எடுத்துட்டுப் போனது எதைங்கறீங்க? நான் மாவு பெசையற பேசினை! கத்துனேன், காதுலயே வாங்கலை.

வந்துச்சுங்க ஆயில். கருப்புன்னா அப்படி ஒரு கருப்பு, வெயிலு மேல பட்டும் மினுங்கலை. சத்தமே இல்லாம, அறுபடாத கயிறு மாதிரி எறங்குச்சு. எல்லாம் நாலரை லிட்டருதான், ஆனா எறங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசிச் சொட்டு விழுகற வரைக்கும் இவரு அசையலை. அப்புறம் புது வாஷரைப் போட்டு நட்டை முடுக்கி, ஃபில்டரை மாத்தி, வெளிய வந்து, புது ஆயில் டின்னைத் தொறக்கப் போனாரு. மணி பத்து முப்பத்தி ரெண்டு.

இங்கதான் என் புத்தி போன போக்கைக் கேளுங்க. "ஏனுங்க, ராகு காலம் பொறந்துருச்சு, புதுசா எதையும் ஊத்தாதீங்க"ன்னேன். எறக்கறதுக்கு நேரம் பாத்த மனுசன், ஊத்தறதுக்குப் பாக்க மறந்துட்டாரு. இஞ்சினைக் காலியா விடக்கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும். வெள்ளிக்கிழமை ராகு காலத்துல பொண்டாட்டி பேச்சை மீறக்கூடாதுங்கறதும் தெரியும். ஊத்தற வாயைத் துணியால மூடி வெச்சுட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, டீ குடிக்க உள்ள வந்துட்டாரு. சித்த நேரத்துல எதிர்ப்பக்கம் துணி தேய்க்கற மாரக்காள் வாசல்ல நின்னு, "அக்கா, உங்க காரு கௌம்புது"ன்னா. "எங்க போய்க் கௌம்பறது, அதுலதான் ஆயிலே இல்லையே"ன்னு சொல்லிட்டே நான் வெளிய வந்தா, காரு மூக்கைத் தூக்கி, பலகையை விட்டு, அப்புறம் பின் சக்கரமும் கல்லை விட்டு, அவசரமே இல்லாம மேல போயிட்டு இருக்கு.

"கயிறு எடுடீ"ன்னாரு இவரு. மாரக்காள் அவ துணி காயப்போடற கயிறைக் குடுத்தா. பட்டறையில இருந்து மூணு கயிறு வந்துச்சு. நாலு சக்கரத்துலயும் சுருக்குப் போட்டு, எங்க கேட்டுல ஒண்ணு, எதிர்வீட்டுக் கேட்டுல ஒண்ணு, கரண்டு கம்பத்துல ஒண்ணு, முனிசிபாலிட்டிக் கொழாயில ஒண்ணுன்னு கட்டி நிறுத்துனோம். லேத்து ஆளுங்க டேப்பை வெச்சு அளந்து, தரையில இருந்து சக்கரத்துக்கு ஏழடி நாலங்குலம்னு செவுத்துல சாக்பீஸ்ல எழுதுனாங்க.

குடியிருப்போர் சங்கச் செயலாளரு கோதண்டபாணி வந்து அண்ணாந்து பாத்துட்டு, வீதியில வண்டி நிறுத்தக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு, ஆனா இது வீதியில நிக்குதுன்னு சொல்ல முடியலையேன்னு சொல்லிட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சுட்டாரு. கோயில் பூசாரி வந்து, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கணும், அடின்னா எதைச் சொல்றதுன்னு ரொம்ப யோசிச்சு, நாலு பழத்தை நூல்ல கட்டிச் சக்கரத்துக்குக் கீழ தொங்க விட்டுட்டுப் போனாரு. ஸ்கூல் பஸ்ஸு டிரைவரு வேற வீதி சுத்திப் போனாரு, கால் மணி நேரம் தாமதம்னு பிள்ளைங்க சந்தோசப்பட்டுச்சு. மத்தியானத்துக்கெல்லாம் மாரக்காள் தேய்ப்பு வண்டியைத் தள்ளிட்டு வந்து காரு நெழல்ல போட்டுக்கிட்டா. "வேப்பமரத்து நெழலை விட இது பரவால்லக்கா, எலை உதுரலை"ன்னா. சாயந்தரத்துக்கு மேல யாரும் அண்ணாந்து பாக்கலை. அமெரிக்காவுல இருந்து போன் பண்ணுன எங்க மகக்கூட, "கார் மேல போயிருச்சு கண்ணு"ன்னு நான் சொன்னதுக்கு, "அப்பா சாப்ட்டாங்களா?"ன்னுதான் கேட்டா.

எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சோறு எறங்கலை. ராகு காலம் முடிஞ்சதும் ஏணி வெச்சு ஏறி, புது ஆயில் நாலரை லிட்டரையும் ஊத்துனாரு. குச்சியை உருவிப் பாத்தாரு, அளவு கரெக்டா இருந்துச்சு. காரு ஒரு விரக்கடைகூட எறங்கலை. மணல் மூட்டை ஏத்துனாங்க, மூட்டையோட சேந்து இன்னும் ரெண்டங்குலம் மேல போச்சு. அப்பத்தான் யாரோ, "வாத்தியாரே, அந்தப் பேசினை மொதல்ல ஓரமா எடுத்து வைங்க, யாராச்சும் கால் இடறப் போறாங்க"ன்னாங்க. இவரு குனிஞ்சு தூக்குனாரு. வரலை. ரெண்டு பேரு புடிச்சாங்க, நாலு பேரு புடிச்சாங்க. நாலரை லிட்டரு ஆயிலுங்க! ஒரு டன்னு லேத்தை எறக்கி ஏத்தற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து மாட்டி இழுத்தாங்க. செயினு அந்துச்சு. பேசினுக்கு அடியில சிமென்ட்டு ரோடு நாலா வெடிச்சு, பேசின் ஒரு அங்குலம் உள்ள எறங்கி உக்காந்துச்சு. இவரு ஒரு டம்ளரை விட்டு மொண்டு பாத்தாரு, டம்ளரு உள்ள போனது போனதுதான்.

"வண்டியோட கனம் பூரா இதுல வந்துருச்சு"ன்னு லேத்து ஆளுங்க தீர்ப்புச் சொல்லிட்டாங்க. அது சரிதான்னு எல்லாருக்கும் பட்டுச்சு. இஞ்சின்ல எரியறது, தேயறது, கசடு, கரி எல்லாத்தையும் தான் வாங்கிக்கறதுதானே ஆயிலோட வேலை?

சனிக்கிழமை காலையில ராக்கியண்ணன் தடியை ஊனிக்கிட்டு வந்தாரு. மாரக்காள் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, ரொம்ப நேரம் காரோட அடிவயித்தையே பாத்துட்டு இருந்தாரு. எங்க வீட்டுக்காரரு அவரு முன்னாடி நிக்க முடியாம அங்கயும் இங்கயும் நடந்தாரு.

"துருப் புடிக்கலையே மாப்ளே. நல்லா வெச்சிருக்கே"ன்னாரு அண்ணன்.

அவ்வளவுதான். அதைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரரு நடு வீதியில அப்படியே நின்னுட்டாரு. லேத்து ஆளுங்க, கோதண்டபாணி, மாரக்காள், பால் வாங்க வந்தவங்க, எல்லாரும் இருந்தாங்க. ஐடிஐ கிளாசுல பாடம் நடத்தற அதே குரல்ல, "எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு வண்டி ஓட்டுனது ராக்கி இல்லை. நாந்தான் ஓட்டுனேன். அவன் கொறைன்னு சொன்னான், நாந்தான் கொறைக்கலை"ன்னாரு. சொல்லிட்டு, இடி விழும்னு எதிர்பாத்த மாதிரி தோளை ஒடுக்கிக்கிட்டாரு.

இடியெல்லாம் ஒண்ணும் விழுகலை. மாரக்காள் ஒரு சட்டைக் காலரைத் தேச்சு முடிச்சு, மடிச்சு வெச்சுட்டு, "அது தெரியுமுங்களே"ன்னா.

"என்ன தெரியும்?"

"இடப்பக்கந்தானுங்க நொறுங்கிக் கெடந்துச்சு? ஓட்டறவரு உக்கார்றது வலப்பக்கம். அண்ணனுக்குப் போனது இடது காலு. இடப்பக்கம் உக்காந்திருந்தவரு எப்படிங்க வண்டி ஓட்டியிருப்பாரு? எங்க மாமியாக்காரி அன்னிக்கே சொல்லுச்சு."

"பட்டறையில எல்லாருக்கும் தெரியும் வாத்தியாரே"ன்னாரு லேத்துக்காரரு ஒருத்தரு. "நாங்கதானே வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தோம். அந்தக் கதவை நீங்க இன்னிக்கு வரைக்கும் தட்டி ஒக்கிடாமத்தானே வெச்சிருக்கீங்க, பாக்கறவன் பாத்துக்கட்டும்னு?"

இவரு அந்த நொறுங்குன கதவை அண்ணாந்து பாத்தாரு. அப்புறம், "தெரிஞ்சும் யாரும் ஏன் கேக்கலை?"ன்னாரு. கோவமா கேட்டாரா அழுதுட்டே கேட்டாரான்னு எனக்கே புரியலை.

"நீங்களும் சொல்லலை, அவரும் சொல்லலை. நடுவுல நாங்க என்னத்தைங்க கேக்கறது?"ன்னாரு கோதண்டபாணி. எல்லாரும் ஆமான்னு தலையாட்டுனாங்க. காரு எழும்புனதை எப்படி ஏத்துக்கிட்டாங்களோ, அதே மாதிரி இதையும் இருபத்தாறு வருஷம் முன்னாடியே ஏத்துக்கிட்டு, அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருந்திருக்காங்க. ஊரே மன்னிச்சுருச்சுன்னு நெனச்சு எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாச்சு. அப்பத்தான் மாரக்காள் அடுத்த சட்டையை ஒதறிக்கிட்டே, "தாராபுரத்துக்காரங்கதான் பாவம், வண்டியைப் பாக்கலை"ன்னா.

 ராக்கியண்ணன் தடியோட கைப்புடியைத் தடவிக்கிட்டே, "டீ சொல்லு மாரக்கா, வாத்தியாரு தெகைச்சு நிக்கறாரு"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு ஓடிப்போய் அந்தப் பேசினைப் புடிச்சு இழுத்தாரு. அது அசையலை. "சொல்லிட்டேன்ல? சொல்லிட்டேன்ல? இன்னும் என்னடா வேணும் உனக்கு?"ன்னு பேசினைப் பாத்துக் கத்துனாரு. கூட்டம் தலையைக் குனிஞ்சுக்குச்சு.

அது ஏன் அசையலைன்னு எனக்குத் தெரியும்.  இருந்தும் நான் வாயைத் தொறக்கலைங்க. வீட்டுக்குள்ள போய் வெங்காயம் உரிச்சேன், தேவையே இல்லாம ஒரு கிலோ வெங்காயம் உரிச்சேன். கெரகம், பயம் அப்படி ஒரு பயம். ஊருக்குப் பயந்தேனா? எங்க வீட்டுக்காரருக்குத்தான் பயந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சு, முந்தின நாளு ஒறைக்கு ஊத்த மறந்துட்ட பாலைப் பாத்தேன். பாலாவே இருந்துச்சு. எத்தனை நல்ல பாலா இருந்தாலும் நேத்தைய மோரு ஒரு கரண்டி விழுகாம அது தயிரா ஆகாது. அடுப்புக்கிட்டயே சித்த நேரம் நின்னேன். அப்புறம் கரண்டியை எடுத்துட்டு வீதிக்கு வந்தேன்.

எங்க வீட்டுக்காரரு பேசின்கிட்ட குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு. ராக்கியண்ணன் வந்து அதே சேர்ல உக்காந்திருந்தாரு. பயணத்துக்கு எடுத்து வெச்ச புதுச் சட்டையைப் போட்டிருந்தாரு. மாரக்காள் கரி மூட்டிட்டு இருந்தா.

"ஏனுங்க"ன்னேன் இவரை. "அண்ணன் தானா சொல்லலை. நாந்தான் கேட்டேன்."

இவரு நிமிந்து பாத்தாரு.

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க. நான் வயித்தைத் தூக்கிட்டு அண்ணன் இருந்த வார்டுக்குப் போனேன். ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சு அரை மணி நேரங்கூட ஆகலை அவருக்கு. கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, அவரு வேலை போயிரும், நீங்க ஓட்டுனதாச் சொல்லீருங்கண்ணான்னு கேட்டேன். அண்ணன் என் வயித்தைப் பாத்தாரு. சரி அம்மிணின்னாரு. அவ்வளவுதான் பேச்சு. தாராபுரத்துச் சம்பந்தம் முறிஞ்சப்ப மகளுக்குப் பத்து நாளு. தாராபுரம் ரெண்டு மணி நேரம் பஸ்ஸு. ஒரு மாசம் கழிச்சாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தப் பொண்ணுக்கு அதே ஊருல வேற எடத்துல நிச்சயம் ஆக ஒரு வருஷம் ஆச்சு. ஒரு வருஷம் இருந்துச்சு எனக்கு. நான் போகலை."

"இருபத்தாறு வருஷமா"ன்னு ஆரம்பிச்சாரு இவரு. "இருபத்தாறு வருஷமா இவன் எனக்காகத் தானாச் சொன்னான்னு நெனச்சு, அந்த நன்றியைச் சொமக்க முடியாம சொமந்துட்டு இருக்கேன்டி. நீயா?"

"நாந்தான்."

"அதையெல்லாம் ஏன் அம்மிணி இப்பப் பேசிக்கிட்டு"ன்னாரு ராக்கியண்ணன். ஆனா வேண்டாம்னு தடுக்கலை. அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு. நான் அழுதேன். வெக்கமில்லாம, மூக்கை முந்தானையில தொடைச்சுக்கிட்டு, வீதியில நின்னு அழுதேன். ஏனோ, நிம்மதியாவும் இருந்துச்சு.

அப்புறம் கரண்டியைப் பேசின்ல விட்டேன். போச்சு, வந்துச்சு. ஒரு கரண்டி பழைய ஆயில், பித்தளைக் கொடத்துத் தண்ணி கனம் கனத்துச்சு, கையே எறங்கிப்போச்சு, ஆனா வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு ஏணியைப் புடிச்சாரு. நான் ஏறி, புது ஆயிலுக்குள்ள அந்த ஒரு கரண்டியை விட்டு, மூடியைத் திருகுனேன். காரு சித்த நேரம் யோசிச்சுச்சு. அப்புறம் எருமை படுக்கற மாதிரி மொதல்ல முன்பக்கம், பொறகு பின்பக்கம்னு பெருமூச்சு விட்டு எறங்கி, பேசினையும் மாரக்காளோட தேய்ப்பு வண்டியையும் விட்டு ஒரு சாண் தள்ளி உக்காந்துச்சு. "நல்லாப் பாத்து எறக்குங்கக்கா, துணியெல்லாம் அடுத்தவங்களுது"ன்னு அவ சலிச்சுக்கிட்டா. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்குச்சு. பட்டறை ஆளுங்க கயிறை அவுத்து, மணல் மூட்டையை எறக்குனாங்க. மீதி ஆயில் இருந்த பேசினை லேத்துக்காரரு ஒத்தைக் கையில தூக்கி ஓரமா வெச்சுட்டு, வெடிச்ச ரோட்டுக்கு யாரு சிமென்ட்டு போடறதுன்னு கோதண்டபாணிகிட்டச் சண்டைக்குப் போயிட்டாரு.

இப்ப அடுத்த சங்கடம். ரெண்டு சீட்டு, மூணு பேரு. எங்க வீட்டுக்காரரு சாவியை எடுத்துட்டு வந்து, வண்டிக் கதவுகிட்ட நின்னாரு. ராக்கியண்ணன் தடியை ஊனி வந்து இடப்பக்கம் உக்காந்தாரு. நொறுங்குன கதவை ரெண்டு தடவை அடிச்சுச் சாத்துனாரு. இவரைப் பாத்துச் சிரிச்சாரு.

"நீ இரு மாப்ளே. அம்மிணி ஓட்டட்டும்."

"நானா? மார்க்கெட்டுக்குப் போற சின்னக் காரைத் தவிர நான் எதைத் தொட்டேன்?"

"வழி நான் சொல்றேன்ல?"

இவரு சாவியை என் கையில வெச்சாரு. சண்டையா, சமாதானமான்னு அவரு மொகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியலை. சாயந்தரம் பேசிக்கலாங்கற மொகம். நான் பொடவையைச் சொருகிக்கிட்டு ஏறுனேன், ஏறுனேன்னு சொல்லக் கூடாது, குழிக்குள்ள எறங்கற மாதிரி எறங்குனேன். ரோடு மூக்குக்கு நேரா தெரிஞ்சுச்சு. சாவியைத் திருப்புனதும் இஞ்சின் ஒரே அடியில புடிச்சுச்சு. சத்தம் சுத்தமா இருந்துச்சு. வீதியில யாரும் கை தட்டலை, டாட்டா காட்டலை. மாரக்காள் மட்டும், "வரும்போது கரி ஒரு மூட்டை வாங்கிட்டு வாங்கக்கா"ன்னா.

மொதல்ல ரெண்டு தடவை அணைஞ்சுச்சு. மூணாந்தடவை போச்சு. அண்ணன் கையை மடியில வெச்சுக்கிட்டு, "கொறை"ன்னாரு, கொறைச்சேன். "இப்ப விடு"ன்னாரு, விட்டேன். அவரு சொன்னதை ஒருத்தங்க கேட்டு வண்டி ஓட்டி இருபத்தாறு வருஷம் ஆச்சுங்கறது அவரு மொகத்துச் சந்தோசத்துல தெரிஞ்சுச்சு. அவிநாசி ரோடு சிக்னல்ல செவப்பு. ரைட்டுல திரும்புனா டவுனு, டவுனைத் தாண்டி மருதமலை. நான் ரைட்டு போடப் போனேன்.

"லெஃப்ட்டு எடு அம்மிணி."

"அந்தப் பக்கம் எங்கீங்கண்ணா?"

"தாராபுரம்."

 "அண்ணா, வசந்தாமணி அப்பா செத்தே பத்து வருஷம் ஆச்சு. அந்தம்மா பேரன் பேத்தி எடுத்திருக்கும். இப்பப் போய் யாருகிட்ட என்னத்தைச் சொல்றதுங்கண்ணா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாம எறங்கவும் வேண்டாம். அவங்க வீட்டுக்கு முன்னாடி, இந்தக் கதவு வாசலுக்குத் தெரியற மாதிரி சித்த நேரம் நிறுத்து. அது வெளிய வந்தா பாத்துக்கும். வரலைன்னா திரும்பிரலாம்."

பச்சை விழுந்துச்சு. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான். நான் லெஃப்ட்டுல திரும்புனேன்.